சொந்த வீட்டுக்கு ஒரு நாள் வாடகை

மாஜிதாவப் பத்தி யாராச்சும் “பாவம், புருசன் இல்லாத பொம்பள”ன்னு இழுத்துப் பேசுனா எனக்குப் பொத்துக்கிட்டு வரும். பாவமாம்லா பாவம்! அவள எதுத்து நின்னாம் பாருங்க, அவந்தான் பாவம். கூடவே நின்னு பாத்தவ நான். அதனால சொல்லுதேன், கேளுங்க.

எம்பேரு அகிலாண்டேஸ்வரி. தென்காசில இட்லி மாவு ஆட்டி விக்கேன். கடைன்னு பெருசா ஒண்ணுமில்ல, வீட்டு முன்னறைல ரெண்டு கிரைண்டரும் ஒரு ஃப்ரிட்ஜும். மாஜிதா எங்கிட்ட வேலைக்கு வந்தவ. எங்க தெருவுலதான் அவ அண்ணன் யாக்கூப் வீடு. வந்த மொத நாளே எனக்கும் அவளுக்கும் சண்ட, மறுநாள் சமாதானம். அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் ஓடுது.

அவ வீட்டுக்காரரு பாரூக் சவுதில, தம்மாம்ல ஏசி மெக்கானிக்கா இருந்தாவ. மேலகரத்துல, குத்தாலம் போற ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு வீடு கட்டுனாவ. ஒரே மூச்சுல இல்ல. ஒரு லீவுக்கு வந்தா அஸ்திவாரம், அடுத்த லீவுக்குச் சுவரு, அதுக்கடுத்து கான்கிரீட்டு. தரைக்கு டைல்ஸ் போட்ட வருசம், மனுசன் அங்கனயே நெஞ்சு வலில போய்ச் சேந்துட்டாவ. அடக்கமும் அங்கனயே. மொகத்தக்கூட இவ பாக்கல. இடத்த ஆரம்பத்துலயே மாஜிதா பேர்ல வாங்குனதால வீடு அவளுக்குன்னு நின்னுச்சு. ஒத்தையா நின்னு மக ஹஸீபாவப் படிக்க வச்சா, கடையநல்லூர்ல கட்டிக் குடுத்தா. மருமகன் ஆதம் தோஹால இருக்கான். தங்கமான பையன்.

கல்யாணக் கடன் கழுத்த நெரிச்சுது. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்துட்டா. “ரெண்டு வருசம் வாடக வாங்குனா கடன் தீந்துரும்க்கா, பொறவு எம் வீட்டுக்குப் போயிருவேன்”னு கணக்குப் போட்டு வச்சிருந்தா. அந்தக் கணக்குல மண்ண அள்ளிப் போட வந்தவந்தான் சாய்கிருஷ்ணன்.

வெள்ளச் சட்ட, நெத்தில சந்தனம், வாயத் தொறந்தா தேனு. கோயமுத்தூர்ல இருந்து பொண்டாட்டி பிள்ளைங்க வரப் போறாவ, பிள்ளைங்களுக்கு இங்க காத்து நல்லாயிருக்கும்னான். யாக்கூப்பு “நம்ம ஊர்ல வாய் வார்த்த போதும்லா”ன்னு சொன்னத மாஜிதா காதுலயே வாங்கல. ஒப்பந்தம் எழுதி, முறையா பதிஞ்சுதான் சாவியக் குடுத்தா. அந்த ஒண்ணுதான் பொறவு அவளக் காப்பாத்துச்சு.

பொண்டாட்டியும் வரல, பிள்ளையும் வரல. ஆனி மாசம் பொறந்து சாரல் விழுந்ததும் வீட்டு வாசல்ல ஒரு போர்டு வந்துச்சு, “சீசன் ரூம்”னு. உங்களுக்குத் தெரியும்லா, சாரல் விழுந்துட்டா குத்தாலத்துல நிக்க எடமிருக்காது. மேலகரத்துல அவனவன் இருக்குற ஒரு ரூமையும் அருவிக்கு வாரவுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுருவான். அது அவனவன் வீடு, அவனவன் இஷ்டம். இந்தப் பய அடுத்தவ வீட்ட வாங்கி, ஹால்ல பலகை வச்சு அடச்சு ரெண்டு ரூமாக்கி, வாரவுக அம்புட்டு பேருக்கும் நாள் வாடகைக்கு விட்டான். வீட்டுக்காரிக்குக் குடுக்க வேண்டிய வாடகைய மட்டும் நிப்பாட்டிட்டான்.

கேட்டா, மாமியாருக்கு ஆபரேசன் அக்கா. அடுத்த மாசம் கேட்டா, அருவில தண்ணி விழல அக்கா. அதுக்கடுத்து போனையே எடுக்கல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! “ஏட்டி, ஒரு வாளி மாவத் தூக்கிட்டுப் போயி அவன் தலைல கவுத்திட்டு வருவோமா”ன்னேன். “மாவுக்குப் புடிச்ச கேடா”ன்னு கேட்டுட்டு வக்கீல் வீட்டுக்குக் கெளம்பிட்டா.

வக்கீலம்மா உமா மகேஸ்வரி நல்ல மனுசி. தெளிவாச் சொன்னாவ. ரெண்டு மாச வாடக நின்னா நோட்டீசு விடலாம். நோட்டீசு கைல கெடச்சு ஒரு மாசத்துக்குள்ள பாக்கி பூராவும் கட்டிட்டா, அவன வெளிய போன்னு சொல்ல முடியாது. கட்டலன்னா கேசு. “எது நடந்தாலும் நீங்களா போயி எதுவும் செய்யக் கூடாது மாஜிதா. கதவப் பூட்டக் கூடாது, கரண்ட், தண்ணி எதையும் நிறுத்தக் கூடாது”ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாவ.

நோட்டீசு போச்சு. அந்தக் களவாணி என்ன செஞ்சான் தெரியுமா? கெடு முடியப் போற நேரத்துல பாக்கி அம்புட்டையும் போன்ல அனுப்பி விட்டுட்டான். பக்கத்துல ஒரு கும்புடு படம் வேற! சட்டம் அவன் பக்கம் ஒரு தடவ நின்னுச்சு. இவ கல்யாணக் கடன்ல ஒரு பங்கக் கட்டுனா. அடுத்த மாசத்துல இருந்து மறுபடியும் வாடக இல்ல. “ஒரே வருசத்துல ரெண்டாவது தடவையும் இப்படி நிறுத்துனா அந்தச் சலுக கெடையாது. இப்பம் கேசு போடலாம்”னாவ வக்கீலம்மா. போட்டாச்சு.

இங்கனதான் யாக்கூப்பு கெடுத்தான். தங்கச்சி மேல பாசம் உண்டு, புத்தி கொஞ்சம் கம்மி. யார்ட்டயும் சொல்லாம கொள்ளாம போயி, அந்த வீட்டுத் தண்ணி மோட்டார் வயர அத்து விட்டுட்டு வந்துட்டான். “தண்ணியில்லன்னா ரெண்டே நாள்ல பெட்டியத் தூக்கிட்டு ஓடிருவான் பாரு”ன்னு மீசைய வேற முறுக்குதான். அவன் ஓடுவானா? போட்டோ புடிச்சு, வாடக அதிகாரிகிட்ட மனு குடுத்து, வீட்டுக்காரி தண்ணிய நிறுத்திக் கொடுமப் படுத்துதான்னு அழுதுருக்கான். வாடக குடுக்காதவன் பாவமாயிட்டான், வாடக கேட்டவ கொடுமக்காரி ஆயிட்டா. மோட்டாரச் சரி பண்ணிக் குடுத்து, செலவையும் ஏத்து, இனிமே இப்படி நடக்காதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தா மாஜிதா. அண்ணன்கிட்ட ஒரு வார்த்த ஏசல. “அண்ணே, இனிமே நீ அந்தப் பக்கம் போனா நான் உன் வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்”னு மட்டும் சொன்னா. யாக்கூப்பு அன்னைக்குச் சோறே திங்கல.

அந்த நேரத்துலதான் கடையநல்லூர்ல இருந்து தாக்கல் வந்துச்சு. ஹஸீபா உண்டாயிருக்கா. மாஜிதா சிரிச்சா, அழுதா, தெரு பூரா சீனி குடுத்தா. அப்பவே ஒரு நெனப்பும் கூடவே வந்து ஒக்காந்துருச்சு. தலப்பிரசவம் தாய் வீட்டுலலா பாக்கணும்? தாய் எங்க இருக்கா? அண்ணன் வீட்டுப் பின்னறைல. அந்த அறைலயும் அரிசி மூட்டையும் பழைய பீரோவும் போக ஒரு பாயி விரிக்கத்தான் எடம். யாக்கூப்பு மகனுக்கும் புதுசாக் கல்யாணம் ஆயிருக்கு, அவுக இருக்கதே நெருக்கிக்கிட்டு.

“எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாட்டி”ன்னேன். “கிரைண்டர் சத்தத்துல பச்சப்பிள்ள தூங்குமாக்கா?”ன்னா. பொறவு குண்டாவக் கழுவிக்கிட்டே சொன்னா, “அவ வாப்பா ஒவ்வொரு லீவுலயும் வந்து கட்டுன வீடு. எம் மக அங்கனதான் பிள்ளையோட வந்து எறங்குவா. அதுக்குள்ள அவன நான் வெளிய அனுப்புவேன்.” அவ்வளவுதான் பேச்சு. அன்னைல இருந்து அவளுக்கு வேற நெனப்பு கெடையாது.

கோர்ட்டுல வாய்தா மேல வாய்தா. ஒரு தடவ அவன் வக்கீலுக்கு உடம்பு சரியில்ல. ஒரு தடவ அவனுக்கே சரியில்ல. ஒரு தடவ என்ன சொன்னாம்னா, “நான் குடும்பத்தோட குடியிருக்கேன், எனக்கு வருமானமே இல்ல, போர்டு பழைய போர்டு, ரூம் யாருக்கும் விடல.” பச்சப் பொய்யி! மாஜிதா ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒழுங்கா போயி மொத பெஞ்சுல ஒக்காந்துருவா. வந்து கிரைண்டரப் போடுவா. ஏழாம் மாசம் வந்துச்சு. ஹஸீபாவக் கூட்டிட்டு வர முடியல. சம்பந்தியம்மா ரஹ்மத்துன்னிசா போன் பண்ணி, “எப்பம் வந்து கூட்டிட்டுப் போறீங்க சம்பந்தி, தலப்பிள்ளலா?”ன்னு கேட்டாவ. கெட்ட எண்ணத்துல கேக்கல. ஆனா அந்தக் கேள்வி இவளச் சுட்டுருச்சு. போன வச்சுட்டு ரொம்ப நேரம் உளுந்தக் கழுவிக்கிட்டே இருந்தா. தொலி எல்லாம் போயி தண்ணி தெளிஞ்ச பொறவும் கழுவுதா. நான்தான் கையப் புடிச்சு நிறுத்துனேன்.

மறுபடியும் ஆனி வந்துச்சு. மலைல மேகம் எறங்கி, தெருவுக்குள்ள சாரல் அடிச்சுது. ஒரு நாள் காலைல கடைக்கு வந்தவ, “எக்கா, நாளைக்குக் கடைக்கு லீவு வுடுங்க. நம்ம ரெண்டு பேரும் குத்தாலத்துக்குச் சீசனுக்குப் போறோம்”னா. உனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கான்னு கேட்டேன். “அருவிக்கு இல்லக்கா. ரூம் எடுக்கதுக்கு. எம் வீட்டுல.”

எனக்கு வெளங்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. வெளங்குனதும் அடிச்சேன் ஒரு சிரிப்பு. அடி கள்ளி!

வக்கீலம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் போனோம். கேட்டுட்டு அவுகளும் சிரிச்சிருக்காவ. “காசு குடுத்து, சொந்தப் பேர்ல, நெசத்தச் சொல்லித் தங்கிட்டு வாங்க. ஒரு சொல்லு பொய் சொல்லக் கூடாது”ன்னு அனுப்பி வச்சாவ.

ஆட்டோவுல போயி எறங்குனோம். வீட்டு வாசல்ல பாண்டிச்சேரி வண்டி ஒண்ணும் மதுர வண்டி ஒண்ணும் நிக்கி. கொடில ஈரத் துண்டு வரிசையா தொங்குது. ரூமப் பாத்துக்கிடுதவ பேராச்சின்னு ஒரு பொம்பள, புளியறைப் பக்கத்துக்காரி. “எத்தன பேரு? பேரு என்ன?”ன்னு கேட்டா. “ரெண்டு பேரு. மாஜிதா, பாரூக் சம்சாரம்”னு இவ நெஞ்ச நிமித்திச் சொன்னா. பேராச்சிக்கு அந்தப் பேரு எங்க தெரியப் போவுது? செவுத்துல ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தக் காட்டி, “இதுல போன வச்சுப் பணத்தப் போடுங்க”ன்னா. மாஜிதா போட்டா. “சாய்கிருஷ்ணன்”னு பேரு வந்துச்சு. ரூம் வாடகைன்னு எழுதிப் போட்டா. ஒரு நாளைக்கு அவன் கேட்ட காசு, ஒரு மாசத்துக்கு அவன் இவளுக்குக் குடுக்காத வாடகைல கிட்டத்தட்டப் பாதி.

உள்ள போனதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. அருவிக்குப் போறவன் எல்லாம் எண்ணெயத் தேச்சுக்கிட்டு அப்படியே நடந்து நடந்து, டைல்ஸ் பூரா வழுக்குது. செவுத்துல ஆளு சாஞ்ச எடமெல்லாம் எண்ணெக் கறை. ஹால பலகை வச்சு வெட்டிப் போட்டுருக்கான். எங்களுக்குக் குடுத்தது சின்ன ரூம். அது ஹஸீபா படிச்ச ரூம்னு மாஜிதா சொன்னா. சொல்லிட்டுக் கட்டில்ல ஒக்காந்தா. ஒரு பொட்டு அழுவணுமே? இல்ல. போன எடுத்து, போர்டு, ரூம் நம்பரு, வாடக எழுதிப் போட்ட அட்ட, பலகைச் செவுரு எல்லாத்தையும் படம் புடிச்சா. பக்கத்து ரூம்ல இருந்த மதுரக்காரம்மாகிட்ட பேச்சுக் குடுத்து, போன சீசனுக்கும் அவுக இங்கனதான் வந்து தங்குனாவன்னு தெரிஞ்சுக்கிட்டா. அவுக பேரையும் நம்பரையும் கேட்டு வாங்குனா. எதுக்குன்னு அந்தம்மா கேட்டதுக்கு, “இது எம் வீடும்மா, இவன் எனக்கு வாடக தாரதில்ல, கேசு நடக்கு”ன்னு நெசத்தையே சொன்னா. அந்தம்மா வாயில கைய வச்சுக்கிட்டு, “நான் வந்து சொல்லுதேன், எங்கன வேணாலும் சொல்லுதேன்”னாவ.

மறுநாள் காலைல எனக்கு ஒரு யோசன. “ஏட்டி, நீயோ உள்ள வந்துட்ட. சாவி கைல இருக்கு. கதவச் சாத்திக்கிட்டு ஒக்காந்துரு. எவன் வந்து இழுப்பான்? நான் வாசல்ல நிக்கேன். ஹஸீபாவ மத்தியானமே கூட்டிட்டு வந்துருவோம்!” நெசமாத்தான் சொன்னேன். அவ அப்படிச் சொல்லிருந்தா நான் வாசல்ல படுத்தே கெடந்துருப்பேன்.

மாஜிதா சாவியப் பாத்தா. கைல வச்சு ஒரு தடவ திருப்புனா. அவளுக்கும் ஆச வந்துருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. பொறவு எந்திரிச்சா. “வேண்டாம்க்கா. மோட்டார் வயர அத்து ஒரு தடவ கெட்டாச்சு. இன்னைக்கு நான் கதவச் சாத்துனா நாளைக்கு அவன் நல்லவன் ஆயிருவான். எம் மக வீட்டுக்குள்ள வாரப்பம் எவனும் வந்து கதவத் தட்டக் கூடாது”ன்னா. விரிப்ப ஒதறிப் போட்டா, ரூமக் கூட்டுனா, சாவியப் பேராச்சி கைல குடுத்தா. சொந்த வீட்டுச் சாவிய அடுத்தவ கைல குடுத்துட்டுப் படியெறங்குதா, நான் பின்னாடி மூக்க உறிஞ்சிக்கிட்டு வாரேன். ஆட்டோவுல “எக்கா, காலைல அரிசி ஊறப் போடலையே”ன்னு கேக்குதா, கல்லு மனசுக்காரி!

அடுத்த வாய்தாவுல அந்தப் படத்தையும், பணம் போட்ட சீட்டையும் வக்கீலம்மா குடுத்தாவ. மதுரக்காரம்மா பஸ் ஏறி வந்து சாட்சி சொன்னாவ. வாடகையும் குடுக்கல, கேக்காம உள்வாடகைக்கும் விட்டுருக்கான், வீட்டையும் மாத்திருக்கான். சாய்கிருஷ்ணன் மொகத்துல இருந்த சந்தனம் வேர்வைல வழிஞ்சுது. ஒரு மாசத்துக்குள்ள காலி பண்ணணும், பாக்கியையும் கட்டணும்னு தீர்ப்பு ஆச்சு. வெளிய வந்ததும் ஓடி வந்தான். “அக்கா, அக்கா, ஊருப்பட்ட பேருகிட்ட ரூமுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன். சீசன் முடியுத வரைக்கும் பொறுங்க. உங்க கால்ல வேணாலும் விழுதேன்.”

“எம் மவளுக்குச் சீசன் பாத்து வலி வராது தம்பி”ன்னா மாஜிதா. சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்துட்டா. எனக்கு அங்கனயே கைதட்டணும் போல இருந்துச்சு, கோர்ட்டாச்சேன்னு அடக்கிக்கிட்டேன்.

அப்பீல் போவேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். பாக்கில பாதியக் கட்டுனாத்தான் அப்பீலுக்கே எடுப்பாவளாம். அவன் எங்க கட்ட? ஒரு மாசமும் ஓடுச்சு. காலி பண்ணல. மறுபடியும் மனு போட்டு, அமீனா வந்து வீட்டத் தொறந்து ஒப்படைக்கதுக்கு உத்தரவு வாங்குனா மாஜிதா. அமீனான்னா கோர்ட்டு ஆளு, கூடவே போலீசும் வரும். வீட்டுக்காரி கைல வீட்ட ஒப்படச்சு கையெழுத்து வாங்கிட்டுத்தான் போவாவ. நாள் குறிச்சாச்சு.

அந்த நாளு விடியவும் கடையநல்லூர்ல இருந்து போனு. ஹஸீபாவுக்கு வலி வந்துருச்சு, தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாராவ. நாள் இன்னும் இருக்குன்னு டாக்டர் சொல்லிருந்தாவ. பிள்ளைக்கு யாரு நாள் பாக்க முடியும்?

மாஜிதா நடு வீட்டுல நின்னா. செத்த நேரம்தான். “எக்கா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவ கையப் புடிச்சுக்கோங்க. நான் மேலகரத்துக்குப் போறேன்”னா.

“ஏ மூதி! மக வலில கெடக்கா, நீ வீட்ட வாங்கப் போறியா? ஊரு என்னட்டி சொல்லும்?”

“சொல்லட்டும். அங்க டாக்டர் இருக்கா, நர்ஸ் இருக்கா, நீங்க இருக்கீங்க. கையெழுத்துப் போட நான் இல்லன்னா அமீனா திரும்பிப் போயிருவான். இன்னொரு நாள் வாங்க இன்னொரு மாசம் ஆகும். பிள்ளையப் பெத்துட்டு அவ எங்க வருவா? சொல்லுங்க, எங்க வருவா?” சத்தம் நடுங்குச்சு, ஆளு நடுங்கல. நான் ஆட்டோ ஏறுனேன்.

பிரசவ வார்டுல ஹஸீபா என் கைய நெரிச்ச நெரிப்புல விரலு செவந்து போச்சு. சம்பந்தியம்மா ரஹ்மத்துன்னிசா வந்ததும், “தாய் எங்க?”ன்னு கேட்டாவ. சொன்னேன். அவுக என்னமும் சொல்லிருவாவளோன்னு நானும் பதிலுக்குத் தயாராத்தான் நின்னேன். அவுக பாட்டுக்கு ஓரமா ஒக்காந்து ஓத ஆரம்பிச்சுட்டாவ.

ஹஸீபா கத்தல. பல்லக் கடிச்சுக்கிட்டே கெடந்தா, தாயப் போல. வலி விட்ட நேரத்துல ஒரே கேள்விதான். “பெரியம்மா, உம்மா போன் பண்ணிச்சா?” இல்லம்பேன். மறுபடி வலி வரும். மறுபடி அதே கேள்வி. கடைசியில போனு அடிச்சுது. மாஜிதாதான். பின்னாடி சாமான உருட்டுற சத்தம், யாரோ கத்துற சத்தம். “எக்கா, கையெழுத்துப் போட்டாச்சு. சாவி எங்கிட்ட இருக்கு. உள்ள இருந்த சீசன் ஆளுங்களச் சாப்புட்டுட்டுப் போகச் சொல்லிருக்கேன், அவுக என்ன பாவம் செஞ்சாவ? நான் வீட்டக் கழுவி விட்டுட்டு வந்துருதேன்.” போன ஹஸீபா காதுல வச்சேன். “மக்கா, வீடு வந்துருச்சு”ன்னு அவ சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அம்புட்டு வலிலயும் அழாத பிள்ள, அப்பம்தான் ஓன்னு அழுதா.

சாயங்காலம் ஆம்பளப் பிள்ள பொறந்துச்சு. மாஜிதா வந்தப்பம் சேல முழங்கால் வரைக்கும் நனஞ்சு, கையெல்லாம் எண்ணெப் பிசுக்கும் சோப்பு நாத்தமும். பிள்ளையத் தொடதுக்கு முன்னாடி மூணு தடவ கையக் கழுவுனா. மக நெத்தில முத்தம் குடுத்துட்டு அங்கனயே தரைல ஒக்காந்துட்டா. அன்னைக்குப் பூரா பச்சத் தண்ணி குடிக்கலைன்னு பொறவுதான் சொல்லுதா.

வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு ஒரு நர்ஸ் வந்தாவ. தாயும் பிள்ளையும் எங்க இருப்பாவன்னு கேட்டாவ, வந்து பாக்கதுக்கும் தடுப்பூசி போடதுக்கும். யாக்கூப்பு முந்திக்கிட்டு அவன் வெலாசத்தச் சொல்ல வாயெடுத்தான். மாஜிதா அவன ஒரு கையால ஒதுக்கி விட்டுட்டு முன்னாடி வந்தா. பேரனத் தோள்ல சாச்சுக்கிட்டு, மேலகரம் வீட்டுக் கதவு நம்பரு, தெரு, பக்கத்துல என்ன கடை இருக்குன்னு வரைக்கும் சொன்னா.

“வாடக வீடாம்மா?”ன்னு நர்ஸ் சாதாரணமாத்தான் கேட்டாவ.

“இல்ல, எம் வீடு”ன்னா மாஜிதா. வார்டே திரும்பிப் பாக்குத சத்தத்துல சொன்னா. சொல்லி முடிக்கல, அந்தக் கல்லு மனசுக்காரிக்கு ஒதடு கோணி, பேரன் தலைல மொகத்த வச்சுக்கிட்டு, இத்தன வருசத்து அழுகையையும் அங்கன நின்னு அழுதா. நாங்க யாரும் அழாதன்னு சொல்லல.